தெரியாது என்று சொன்னவர்

அன்புள்ள அக்கா,
2024 டிசம்பரில் இங்கே யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் பரவினபோது முதலில் மர்மக் காய்ச்சல் என்றார்கள், பிறகு எலிக்காய்ச்சல் என்றார்கள். இப்படி மாற்றி மாற்றிச் சொன்னால் யாரை நம்புவது? நல்ல இணையத்தளங்கள் இருந்தால் சொல்லுங்கள். புது வைரஸ் என்று வந்த ஒரு குரல் பதிவை நானும் நாலு குரூப்புக்கு அனுப்பினேன், யாருக்காவது உதவட்டும் என்றுதான்.

அன்புள்ள தம்பி,

சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாராவாரம் அறிக்கை போடுகிறது, எந்த மாவட்டத்தில் எத்தனை டெங்கு, எத்தனை எலிக்காய்ச்சல் என்று பார்க்கலாம். ஆங்கிலத்தில்தான். 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிஷனரி வைத்தியர் கிறீன் மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்த ஊர் இது; சரி, அதைத் தொடங்கினால் முடியாது.

மாற்றிச் சொன்னார்கள் என்கிறீரே, அதுதான் எனக்குக் கோபம். வடமராட்சியில் ஆட்கள் இறந்த அந்த நாட்களில் வைத்தியர்கள் எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, இரத்த மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பி, முடிவு வந்ததும் சொன்னார்கள். 'இன்னும் உறுதியாகவில்லை' என்பதைத் தலைப்புப் போடுகிறவர்கள் மர்மம் ஆக்கினால் வைத்தியர் என்ன செய்வார்? உம்முடைய குரல் பதிவுக்காரருக்கு மட்டும் முதல் நாளே எல்லாம் தெரிந்திருக்கிறது. யார் அவர்? எந்த ஆஸ்பத்திரி? என்றைக்குப் பேசினது? எலிக்காய்ச்சலைத் தருவது வைரஸே இல்லை ஐயா, பக்டீரியா. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் கால் வைத்தால் ஒரு கீறல் போதும் அது உள்ளே போக.

உம்மைத் திட்ட எனக்கும் யோக்கியதை இல்லை. ஒரு மாரியில் பெரியம்மாவுக்கு டெங்கு. யாரோ நல்ல மனசோடு அனுப்பின தகவலைப் பார்த்துப் பப்பாசி இலையை மூன்று நாள் இடித்துப் பிழிந்து கொடுத்தவள் நான். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது, எனக்குத் தலைகால் புரியவில்லை. டெங்குவில் காய்ச்சல் விடுகிற அந்த ஒன்றிரண்டு நாளில்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும், வயிறு நோகும், கைகால் குளிரும் என்பதெல்லாம் பிறகு படித்தது. அவர் வயிறு நோகுது என்றபோது, சாறு கசப்புத்தானே பெரியம்மா, அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொன்னேன். நுளம்புக் குடம்பி தேடி வளவுக்குள் வந்த பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பெரியம்மாவுடைய கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னவெண்டு எனக்குச் சொல்லத் தெரியாது அக்கா, ஆனா இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றார். தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். பெரியம்மா பிழைத்துவிட்டார்.

அந்த நாலு குரூப்பிலும் 'நான் அனுப்பினது பிழை' என்று எழுதினீரா? எழுதிவிட்டு எனக்கும் ஒரு வரி போடும். வயல் இறங்குகிறவர் நீர், பி.எச்.ஐ.யிடம் கேட்டு எலிக்காய்ச்சல் தடுப்புக்கான டொக்சிசைக்கிளின் குளிசை எடுத்தீரா என்பதையும் சேர்த்து.