துணைவருக்குத் தெரியாமல் பதிவு செய்த பேச்சு நீதிமன்றத்தில் செல்லுமா?

விவாகரத்து வழக்கில் காட்டுவதற்காக, மனைவியிடம் பேசியதை அவருக்குத் தெரியாமல் கைப்பேசியில் பதிவு செய்தது செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் செல்லும். பொருத்தமானதாகவும் திரிக்கப்படாததாகவும் இருந்தால் மறைவாகப் பெற்ற ஒலிப்பதிவும் சாட்சியமே என்று மல்கானி வழக்கில் 1972-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தனியுரிமை மீறல் என்று பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அத்தகைய பதிவு ஒன்றை ஏற்க மறுத்தபோது, 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, தம்பதியர் உரையாடலைக் காக்கும், 1872-ஆம் ஆண்டின் பழைய சாட்சியச் சட்டத்தின் 122-ஆம் பிரிவே அவர்களுக்குள் நடக்கும் வழக்குகளுக்கு விலக்கு அளிப்பதைச் சுட்டிக்காட்டியது. வேவு பார்க்கும் அளவுக்கு வந்த மணவாழ்வு முறிந்ததுதான் என்றும் சொன்னது, அதை மறுப்பது கடினம். ஆனால் மனைவி வேறொருவரிடம் பேசுவதை இடைமறித்துப் பதிவு செய்வது வேறு; 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி அது குற்றம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலை நம்பாமல், பதிவான கைப்பேசியையே பத்திரப்படுத்துங்கள். 2023-ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழுக்கு அது தேவைப்படும்.