கண்ணாடி முன் சொன்னால் அழுகை வருவது ஏன்?

கேள்வி: எனக்கு 27 வயது. குரூப் 4 தேர்வை இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டேன். இப்போது புத்தகத்தைத் திறந்தாலே ‘உன்னால் முடியாது’ என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. ஒரு வீடியோவில் சொன்னபடி தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று ‘நான் வெற்றி பெறப் பிறந்தவள்’ என்று 20 முறை சொல்கிறேன். சொல்லி முடித்ததும் அழுகைதான் வருகிறது. என்னிடம் ஏதாவது கோளாறா? நம்பிக்கையை எப்படி வரவழைப்பது?

பதில்: உங்களிடம் ஒரு கோளாறும் இல்லை. அந்தக் கண்ணாடிப் பயிற்சியை நாளைக் காலையிலிருந்து நிறுத்திவிடுங்கள்.

அழுகை வருவதற்குக் காரணம் இருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜோன் வுட் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதில் ஒரு பகுதியினர், மணி அடிக்கும்போதெல்லாம் ‘நான் அன்புக்குரியவள்’ என்கிற மாதிரி ஒரு வாக்கியத்தைத் தங்களுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே தன்மேல் நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு அதனால் கொஞ்சம் நன்மை இருந்தது. தன்னைக் குறைவாக நினைப்பவர்களுக்கோ, சொல்லாமல் இருந்தவர்களைவிட மனம் மோசமானது. நம்ப முடியாத ஒன்றைச் சொன்னால் மனசு சும்மா இருக்காது, உடனே எதிர்வழக்காடும். நீங்கள் ‘வெற்றி பெறப் பிறந்தவள்’ என்கிறீர்கள், அது இரண்டு ரிசல்ட்டையும் எடுத்துக் காட்டுகிறது. 20 முறை சொன்னால் 20 முறை காட்டுகிறது. அப்புறம் அழுகை வராமல் என்ன செய்யும்?

சரி, நம்பிக்கை எங்கிருந்துதான் வரும்? இதில் நான் பெரிதும் நம்பிப் பின்பற்றுவது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவின் வழியை. பாம்பைக் கண்டாலே நடுங்குபவர்களை வைத்து அவரும் அவருடைய குழுவினரும் சோதனைகள் செய்தார்கள். ‘பயப்படாதே, உன்னால் முடியும்’ என்று பேசிக்கொண்டிருக்கவில்லை. முதலில் வேறொருவர் பாம்பைக் கையாள்வதைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். பிறகு கொஞ்சம் கிட்டே. பிறகு கையுறை போட்டுக்கொண்டு ஒரு தொடல். பிறகு கையுறை இல்லாமல். வெறும் பார்வையாளர்களாக இருந்தவர்களைவிட, இப்படிப் படிப்படியாகத் தாங்களே தொட்டுப் பழகியவர்களுக்குத்தான் பயம் நன்றாக விலகியது. ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் நான்கு வழிகளில் வருகிறது என்று 1977-இல் அவர் எழுதினார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, மற்றவர்கள் சொல்லும் ஊக்கம், உடம்பின் பதற்றத்தை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. இதில் வலுவானது முதலாவது. வீடியோவெல்லாம் மூன்றாவதில் வரும். அதைத்தான் நீங்கள் இத்தனை நாள் முழுசாக நம்பியிருக்கிறீர்கள்.

அதனால் உங்களுக்கு இப்போது தேவை ஒரு கையுறை. குரூப் 4-இல் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். அந்த முழு மலையைத் தினமும் அண்ணாந்து பார்க்காதீர்கள். கணிதமும் அறிவுக்கூர்மையும் சேர்ந்து 25 கேள்விகள். அதில் தனிவட்டியை மட்டும் எடுத்து, பழைய வினாத்தாள்களிலிருந்து பத்துக் கணக்குகள் போடுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தப்பான ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: ‘தெரியவில்லை’, ‘தெரிந்தும் அவசரப்பட்டேன்’, ‘கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை’. இந்தக் குறிப்பை அலட்சியமாக நினைக்காதீர்கள். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண் மூன்று வாரம் இப்படி எழுதினார். நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது, அவருடைய தவறுகளில் பாதிக்கு மேல், மாதத்தில் கொடுத்த காலத்தை வருடமாக மாற்ற மறந்தவை. ‘எனக்குக் கணக்கே வராது’ என்று பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அந்தப் பக்கங்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “மேடம், இது மறதிதானே?” என்றார். அவர் குரல் மாறியதை நான் அன்றுதான் கேட்டேன்.

தவறுக்கு ஒரு பெயர் கிடைத்ததும் அடுத்த வேலை, அதற்கு ஒரு ‘வந்தால்’ வாக்கியம் எழுதுவது. ‘காலம் மாதத்தில் வந்தால், முதலில் 12-ஆல் வகுத்து ஓரத்தில் எழுதுவேன்.’ ‘படிக்கும்போது அந்தக் குரல் வந்தால், பேனாவை வைக்காமல் இன்னும் ஒரு கணக்குப் போடுவேன்.’ பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்த உத்தி இது. ‘நன்றாகப் படிக்க வேண்டும்’ என்ற பொதுவான தீர்மானத்தைவிட, எப்போது என்ன செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் அதைச் செய்து முடிப்பது அதிகம்.

வேலை கிடைத்தது போலவும், கையில் ஆர்டர் வாங்குவது போலவும் கண்ணை மூடிக் கற்பனை செய்யச் சொல்லியிருப்பார்கள். அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் காப்ரியேல் ஓட்டிங்கன் வேலை தேடும் பட்டதாரிகளைத் தொடர்ந்து கவனித்தார். இனிய கற்பனையில் அதிகம் மூழ்கியவர்கள் குறைவாக விண்ணப்பித்தார்கள், அவர்களுக்குக் குறைவான வேலைவாய்ப்புகளே வந்தன. கனவு காண வேண்டாம் என்று சொல்லவில்லை. கனவை நினைத்த கையோடு, ‘இதற்குக் குறுக்கே என்னுள் நிற்பது எது?’ என்றும் கேளுங்கள் என்பதுதான் அவர் காட்டிய வழி.

பண்டூரா சொன்ன இரண்டாவதற்கு, மாநில முதலிடம் பிடித்தவர்களின் பேட்டி வேண்டாம். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் படித்து, மூன்றாவது முறையில் தேர்வான அக்கா ஒருவர் இருப்பார். அவரிடம் அரை மணி நேரம் கேளுங்கள், எதில் தடுக்கினார், எதை மாற்றினார் என்று. உங்களைப் போன்றவர் என்பதால்தான் அது உள்ளே இறங்கும்.

தேர்வு அறையில் உள்ளங்கை வியர்த்து ஓஎம்ஆர் தாள் ஈரமாகுமே, அதற்கும் ஒன்று சொல்கிறேன். ‘பதறாதே, பதறாதே’ என்று அடக்கப் பார்க்காதீர்கள். ஆலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், பதற்றமான வேலைக்கு முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்களைவிட ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொன்னவர்கள் நன்றாகச் செய்தார்கள். கணக்குத் தேர்விலும் அப்படித்தான். இதயம் வேகமாகத் துடிப்பது பயத்துக்கும் உற்சாகத்துக்கும் பொதுவானது. அதனால் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மனசு எதிர்க்காமல் ஏற்றுக்கொள்ளும்.

கல்யாண வீட்டில் “என்னம்மா, வேலை கிடைச்சுதா?” என்று கேட்பவர்களுக்கு, “படிச்சிட்டிருக்கேன் அத்தை” என்பது போதுமான பதில். அதற்குமேல் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலோ, அதை ‘நம்பிக்கைக் குறைவு’ என்று தள்ளிப்போடக் கூடாது. அது மருத்துவ உதவி தேவைப்படும் நிலை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

மற்றபடி, இன்றைக்கே நோட்டு வாங்குங்கள். முதல் பத்துக் கணக்கில் எத்தனை தப்பு, எதனால் என்று ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.