அம்மாவின் தட்டு அறைக்குள் ஏன் போனது?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. 12 வருடமாகச் சர்க்கரை. மாத்திரையைக் கூட்டியும் மூன்று மாத சர்க்கரை சராசரி (HbA1c) 9-க்குக் கீழே இறங்கவில்லை. ஒளித்துவைத்து இனிப்பு சாப்பிடுகிறாரோ என்று பெட்டியெல்லாம் தேடினோம், ஒன்றும் இல்லை. கேட்டால் அழுகிறார். வாய் நாற்றம் என்று என் பிள்ளைகள் பக்கத்தில் போவதில்லை, அதனால் சாப்பாட்டை அறைக்கே கொடுத்துவிடுகிறோம். அவரை எப்படிக் கட்டுப்படுத்துவது?
– ஒரு மகன், சென்னை

பதில்: தம்பி, இந்தக் கடிதம் ஆள் மாறி ஆள் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. எல்லோரும் இனிப்பு டப்பாவைத்தான் தேடுகிறார்கள். பெற்றவளின் வாய் நாறுகிறது. அதற்கு நீங்கள் கண்ட வைத்தியம் தட்டை அறைக்குள் தள்ளுவதா? பெட்டியைத் திறந்து பார்த்த கைக்கு, அம்மாவின் வாயைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லையா?

இன்றே அவரை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து உதட்டை விலக்கிப் பாருங்கள். ஈறு சிவந்து உப்பியிருக்கிறதா? கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம் மஞ்சளாகக் காரை கட்டியிருக்கிறதா? துப்பினால் ரத்தம் வருகிறதா?

சர்க்கரை கூடினால் ஈறு கெடும் என்பது பலருக்குத் தெரியும். ஈறு கெட்டாலும் சர்க்கரை கூடும். பல்லுக்கும் ஈறுக்கும் இடையே 3 மில்லிமீட்டர் வரை பள்ளம் இருப்பது இயல்பு. அது ஆழமாகிக் கிருமி குடியேறினால், அங்கே மூளும் அழற்சி ரத்தத்தில் கலந்து இன்சுலினை வேலை செய்யவிடாது. ஈறு நோய்க்கு முறையாக வைத்தியம் பார்த்தவர்களுக்கு மூன்று, நான்கு மாதத்தில் அந்தச் சர்க்கரை சராசரி சுமார் 0.4 இறங்கியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 9 உடனே 7 ஆகிவிடாது, மாத்திரையை நிறுத்தவும் கூடாது. ஆனால் வாயை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

பல் டாக்டரிடம் காரையை எடுத்து க்ளீன் பண்ணினால் பல் ஆடும் என்று யாராவது தடுப்பார்கள். எலும்பை அரித்தது நோய். ஏற்கெனவே ஆடிய பல்லைக் காரை பிடித்துவைத்திருந்தது, அவ்வளவுதான்.

கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனைவியை அனுப்பாதீர்கள், நீங்கள் லீவு போட்டு அழைத்துப் போங்கள். தாயின் உடம்பைப் பார்ப்பது பிள்ளையின் கடமை. காலைச் சாப்பாடும் மாத்திரையும் முடித்துக் கிளம்புங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறார் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

அதற்கு முன்னால், திருட்டுத்தனமாகத் தின்றதாகச் சந்தேகப்பட்டதற்கு அம்மாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். இன்றிரவு அவர் தட்டு எல்லோருடனும் இருக்கட்டும். பிள்ளைகள் மூக்கைப் பிடித்தால் அதட்டுங்கள். தட்டை அறைக்கு அனுப்பியதைப் பார்த்துத்தான் அவர்கள் அதைக் கற்றார்கள்.