அரிக்கஞ்சட்டியும் தங்கமும்

அன்புள்ள ஐயா,

மெல்பேர்னில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். சொந்த ஊர் காங்கயம் பக்கம். ஒன்றரை ஆண்டுக்கு முன்னால் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பழைய தங்க வயல்களான டனோலி, மேரிபரோ பக்கம் காட்டுக்குள் போய்விடுவேன். இதுவரை கிடைத்த தங்கம் மொத்தம் 2.3 கிராம். ஆணிக்கும் ஈயக்குண்டுக்கும் கணக்கே இல்லை. ஒருமுறை நடுவில் சதுர ஓட்டை போட்ட பித்தளைக் காசு ஒன்று கிடைத்தது, சீன எழுத்தோடு.

"அந்த மிஷின் காசுக்கு ஒரு நல்ல செயினே வாங்கியிருக்கலாம்" என்கிறாள் மனைவி. அம்மா போனில், "பூமிக்குள்ள இருக்கறத நோண்டக் கூடாது சாமி, அது ஆரோ வெச்சது" என்கிறார். எனக்கே சில சமயம் கூச்சமாக இருக்கிறது. இது பொழுதுபோக்கா, பேராசையா?

இன்னொரு கேள்வியும் உண்டு. தைக்கு ஊருக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்தில் பாட்டன் காலத்தில் கிணறு வெட்டும்போது பானை ஒன்று தட்டுப்பட்டதாகவும், பயந்துபோய் மண்ணைத் தள்ளி மூடிவிட்டதாகவும் கதை சொல்வார்கள். டிடெக்டரைக் கொண்டுவந்து பார்க்கலாமா?

க.
மெல்பேர்ன்

அன்புள்ள க.,

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தை வந்துவிடும். டிடெக்டர் மெல்பேர்னிலேயே இருக்கட்டும்.

இங்கே 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனாலே கலெக்டருக்கு எழுத்தில் தகவல் சொல்ல வேண்டும். அந்தப் பத்து ரூபாய் வெள்ளைக்காரன் காலத்துப் பத்து ரூபாய், இன்றுவரை யாரும் அதைத் திருத்தவில்லை. விசாரித்து உரியவர் யாரும் இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்ள நினைத்தால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரும். மோசமான சட்டம் என்று சொல்ல முடியாது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாம் வாய் பிளந்து பார்க்கும் செப்புத் திருமேனிகளில் பல இந்த வழியாக வந்தவைதான். ஆனால் சொல்லாமல் மறைத்தால் பங்கும் போய்விடும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. இது போக, நூறு ஆண்டு தாண்டிய பழம்பொருளைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. எடுத்ததைப் பெட்டியில் வைத்து விமானம் ஏறலாம் என்ற நினைப்பு இருந்தால் அதை இங்கேயே விட்டுவிடுங்கள்.

சட்டத்தை விடப் பெரிய காரணம் அந்தப் பானை. கொங்குப் பக்கம் கிணறு வெட்டும்போது வெளிவரும் பானையில் தங்கம் இருப்பது கதைகளில்தான். நிஜத்தில் அது பெரும்பாலும் பெருங்கற்காலத்து ஈமப் பானை, இறந்தவரைப் புதைக்கும்போது வைத்தது. உங்கள் ஊருக்கு வடக்கே நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. பச்சைக்கல், நீலக்கல், படிகம் எல்லாம் மணியாகக் கோத்து விற்ற பட்டறைகள் இருந்த ஊர். பக்கத்துப் படியூர்ப் பச்சைக்கல் அங்கே வந்திருக்கிறது. அந்த மணிகள் தொழில்நுட்பமாக, வணிகமாக நமக்குப் புரிந்தது, எந்த மண்ணடுக்கில் எந்தப் பானையோடு கிடந்தன என்று ஆள் வைத்து அளந்து குறித்ததால்தான். உங்கள் கருவி பானையைக் காட்டாது. உள்ளே இருக்கும் ஒரு துண்டு இரும்புக்குக் கத்தும். நீங்கள் மண்வெட்டியைப் போடுவீர்கள், பானை உடையும். அப்புறம் அது வெறும் ஓட்டாஞ்சில்லு. அம்மா சொன்ன 'ஆரோ வெச்சது' என்பதைத் தொல்லியல்காரர்களும் அப்படியே ஒத்துக்கொள்வார்கள். பாட்டனாரின் கதையை எழுதி, இடத்தையும் குறித்து, தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். வந்து பார்க்கட்டும்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் மறைக்க வேண்டாம். கரூரில் அமராவதி ஆற்று மணலை வயிற்றுப்பாட்டுக்காக அரித்தவர்கள் இருந்தார்கள். பொன்துகளும் பழைய காசும் கிடைத்தால் கடையில் போட்டுவிடுவார்கள். மாக்கோதை, கொல்லிப்பொறை என்று பெயர் பொறித்த சேரர் காசுகள் அந்த ஆற்று மணலிலிருந்துதான் கிடைத்தன. சங்க காலத்து அரசர்கள் தங்கள் பெயரில் காசு அடித்தார்கள் என்பதற்குக் கையில் பிடித்துக் காட்ட ஆதாரம் வந்தது அந்த ஏழைகளின் சல்லடை வழியாக. இதை நினைத்தால் எனக்கும் கொஞ்சம் குழப்பம்தான். ஆனால் ஆற்று மணலில் கிடப்பது வெள்ளம் ஏற்கெனவே கலைத்துப்போட்டது. உங்கள் தோட்டத்துப் பானை வைத்த இடத்திலேயே இருக்கிறது.

சரி, இப்போது முதல் கேள்வி.

எங்கள் ஆச்சி வீட்டில் அரிக்கஞ்சட்டி என்று ஒன்று இருந்தது. வாயகன்ற மண்சட்டி, உட்புறம் முழுக்க வரிவரியாகக் கீறியிருக்கும். ரேஷன் அரிசியைத் தண்ணீரோடு அதில் போட்டு, இடுப்பை வளைத்து உட்கார்ந்து, சட்டியை ஒரு சுழற்றுச் சுழற்றுவாள். அரிசி தண்ணீரோடு மிதந்து எழும்பி பக்கத்துப் பாத்திரத்துக்குப் போகும். கல் கனம், அது வரியில் சிக்கி அடியிலேயே தங்கிவிடும். கடைசியில் ஒரு கைப்பிடிக் கல்லைத் தூக்கிக் காட்டி, "பாரு, இவ்வளவு கல்லையும் கிலோக் கணக்குல வித்திருக்கான்" என்று கடைக்காரரைத் திட்டுவாள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு இலக்கியக் கூட்டத்துக்காக மெல்பேர்னுக்கு வந்திருந்தேன். நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தங்கம் அரிக்க அழைத்துப்போனார். ஓடைக்கரையில் அவர் பையிலிருந்து எடுத்த பச்சை நிறப் பிளாஸ்டிக் தட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். ஒரு பக்கத்தில் அதே வரிகள்! ஆச்சி கல்லை எறிந்துவிட்டு அரிசியை எடுத்தாள், இங்கே மேலே போவதை எறிந்துவிட்டு அடியில் தங்குவதை எடுக்கிறார்கள், அவ்வளவுதான். மணலில் இருக்கும் படிகக்கல் தண்ணீரைப் போல் 2.65 மடங்கு கனம், தங்கம் 19.3 மடங்கு. கையைக் குலுக்கினால் தங்கம் தானாக அடிக்கு இறங்கிவிடும். ஆறும் இதைத்தான் செய்கிறது. தண்ணீர் வேகம் குறையும் வளைவின் உட்பக்கம், பாறைக்குப் பின்பக்கம், அடிப்பாறையின் விரிசல், இங்கேதான் தேட வேண்டும் என்று நண்பர் சொன்னார். நான் அரை மணி நேரம் சுழற்றியதில் அடியில் கறுப்பு மணல் மட்டும் தேறியது. காந்தத்தைக் காட்டினால் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும் அந்த மணல். அதன் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு மஞ்சள். அவர்கள் அதைக் 'கலர்' என்கிறார்கள். அதன் விலை நான் குடித்த காபிக்குக் காணாது. ஆனால் நான் கத்திய கத்தலில் ஒரு பறவைக் கூட்டமே எழுந்து பறந்தது.

மதியம் டிடெக்டர். செருப்பில் இரும்பு இருக்கக் கூடாது, பிளாஸ்டிக் கரண்டியால்தான் மண் அள்ள வேண்டும் என்று ஆசாரம் நிறைய. சத்தம் வந்த மண்ணைக் கரண்டியில் அள்ளி, கருவி மேல் காட்டி, கத்தினால் பாதியைக் கொட்டி, மீண்டும் காட்டி, மீண்டும் பாதி. கடைசியில் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை மண். அதற்குள் ஒரு ஈயக்குண்டு. ஒன்பது முறை ஈயக்குண்டு. பத்தாவது முறை பூட்ஸ் ஆணி. யாரோ ஒருத்தன் நூற்றைம்பது வருடம் முன்பு அந்த பூட்ஸோடு அங்கே நடந்திருக்கிறான்.

இது பேராசை என்றால் பேராசைக்காரன் இதைவிடக் கெட்டிக்காரனாக இருப்பான், க. அவன் இங்கே இரிடியக் கலசம், ரைஸ் புல்லிங் என்று லட்சங்களைக் கட்டி ஏமாந்துகொண்டிருக்கிறான். மை போட்டுப் பார்த்து, நடுராத்திரியில் கோயில் பீடத்தைப் பெயர்க்கிறான். அவனுக்கு ஒரே தோண்டலில் முழுப் பானையும் வேண்டும். ஒன்றரை ஆண்டு அலைந்து கால் சவரனுக்குக் கொஞ்சம் மேலே சேர்த்தவரை அந்த வரிசையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

நம்மவர்களுக்கு மண்ணுக்கடியில் உள்ள தங்கம் விளையாட்டாக இருந்ததே இல்லை. கோலாரில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து கூலிக்குப் போன தமிழர்கள். 2001இல் சுரங்கம் மூடியபோது அவர்களுக்கு மிஞ்சியது கழிவு மேடும் நுரையீரல் நோயும். உங்கள் கூச்சம் அங்கிருந்து வருகிறதோ என்று நினைக்கிறேன். அவர்கள் பிழைப்புக்காகச் செய்ததை நாம் சனிக்கிழமை உல்லாசமாகச் செய்கிறோமே என்று.

ஆனால் தங்கம் தேட உங்கள் கையில் உள்ள அந்த அனுமதிச் சீட்டுக்கும் ஒரு கதை இருக்கிறது. மைனர்ஸ் ரைட், அதாவது சுரங்கத் தொழிலாளியின் உரிமை. (பெயரைக் கேட்டதும் எனக்கு நம் ஊர் மைனரும் மைனர் செயினும்தான் ஞாபகம் வந்தது.) 1850களின் தொடக்கத்தில், மெல்பேர்ன் இருக்கும் விக்டோரியாவில், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதம் 30 ஷில்லிங் லைசென்ஸ் கட்ட வேண்டும். போலீஸ்காரர்கள் குழி குழியாக வந்து லைசென்ஸ் கேட்டு விரட்டினார்கள். 1854 டிசம்பர் 3, விடியற்காலை, பல்லாரட்டில் யுரேக்கா என்ற இடத்தில் அரண் கட்டி நின்ற தொழிலாளர்கள் மீது பட்டாளம் பாய்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மறு ஆண்டு லைசென்ஸ் போய், வருடத்துக்கு ஒரு பவுண்டுக்கு மைனர்ஸ் ரைட் வந்தது, ஓட்டுரிமையோடு. இன்று ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுக் காசுக்குப் பத்து வருடத்துக்கு அதைத் தருகிறார்கள். கைக்கருவியால் தோண்டிக்கொள், கிடைத்தது உனக்கு, குழியை மூடிவிட்டுப் போ என்கிறார்கள். அந்த உரிமையை இப்படி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள், கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். பூர்வகுடிகளின் தலங்களில் மட்டும் கை வைக்காதீர்கள். பெண்டிகோ பக்கத்து ஜா ஜா வுரங் மக்கள் தங்கள் நிலத்தைத் 'தலைகீழான நாடு' என்கிறார்கள். அடிமண் மேலே, மேல்மண் அடியில். வெறிபிடித்துத் தோண்டியவர்கள் குழியை மூடிவிட்டா போனார்கள்?

அந்த வெறி நம் மலைக்கும் வந்தது தெரியுமா? விக்டோரியாவின் சுரங்கத் துறைச் செயலராக இருந்த ராபர்ட் பிரஃப் ஸ்மித் 1879இல் வயநாட்டுக்கு வந்து தேவாலா, பந்தலூர்ப் பாறைகளைப் பார்த்துவிட்டு அமர்க்களமாக அறிக்கை கொடுத்தார். லண்டனில் கம்பெனிகள் மளமளவென்று முளைத்து, சில ஆண்டுகளில் மளமளவென்று படுத்தன. முதலீட்டாளர்கள் தலையில் துண்டு. மலையில் தேயிலை வந்தது. இன்றும் தேவாலாவின் பழைய குழிகளில் திருட்டுத்தனமாக இறங்கி, மண் சரிந்து செத்தவர்களைப் பற்றி அவ்வப்போது நாளிதழில் படிக்கிறோம். உங்கள் பக்கத்துக் காட்டிலும் இலை மூடிய பழைய சுரங்கக் குழிகள் நிறைய. தரையையே பார்த்துக்கொண்டு பின்பக்கமாக நடக்காதீர்கள். பாம்பும் உண்டு.

மனைவிக்கு என்ன சொல்வது? 1869இல் மோலியாகலில் ஒரு மர வேருக்குப் பக்கத்தில், ஓர் அங்குல ஆழத்தில், 72 கிலோ கட்டி கிடைத்தது. ஒன்பதாயிரம் சவரன். டனோலி வங்கித் தராசில் நிற்காமல் பட்டடையில் வைத்து உடைத்தார்கள். 1980இல் கிங்கோவரில் ஒருவருக்கு டிடெக்டரிலேயே 27 கிலோ. இதையெல்லாம் சொல்லி அவரைச் சமாதானப்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். கணக்கில் அவர் சொல்வதுதான் சரி, செயினே வாங்கியிருக்கலாம். ஒரு சனிக்கிழமை டிடெக்டரை வீட்டில் வைத்துவிட்டு, தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அவரையும் ஓடைக்குக் கூட்டிப்போங்கள். அரிசி களைந்த கை, உங்களை விடச் சீக்கிரம் கலர் பார்த்துவிடும்.

அப்புறம் அந்தச் சீனக் காசு. 2.3 கிராமையும் விட எனக்கு அதுதான் ஆவலாக இருக்கிறது. தேய்த்துக் கழுவாதீர்கள், புளி போடாதீர்கள். இரண்டு பக்கமும் படம் எடுத்து, எந்த ஓடை, எவ்வளவு ஆழம் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.