கடலில் போனவர்களுக்கு ஒரு பை இரத்தம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் கல்லாற்றில் ஓர் ஆலயத்து வாலிபர் சங்கம், நாற்பது பேர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக் கடலில் இரண்டாம் உலகப்போரில் மூழ்கிய ஹேர்மிஸ் என்ற பிரித்தானியக் கப்பலில் இறந்த கடற்படையினரை நினைத்து ஆராதனை வைத்து, வள்ளத்தில் போய் மலர்வளையம் விட யோசிக்கிறோம். "வெள்ளைக்காரன்ட சண்டை, நமக்கென்ன?" என்று மூப்பர் ஒருவர் கேட்கிறார். மலர்வளையத்தோடு முடிந்துவிடுமோ என்று எங்களுக்கும் ஒரு குறை. வேறென்ன செய்யலாம்?

- ஒரு வாசகர், கல்லாறு

அன்புள்ள தம்பி,

மூப்பர் கேட்டதில் பிழையில்லை. சீருடை என்றாலே மனம் ஒடுங்குகிற வீடுகள் நம் ஊர்களில் நிறைய. போரைப் புகழாமலே இறந்தவனை நினைக்கலாம் என்று அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸில் அன்று ஒரு விமானம்கூட இல்லை. திருகோணமலை தாக்கப்படலாம் என்ற எச்சரிக்கையில் முதல்நாளே துறைமுகத்தை விட்டு வெளியேறி, திரும்பும் வழியில் ஜப்பானிய விமானங்களிடம் அகப்பட்டது. 307 பேர் இறந்தார்கள். கூட வந்த அவுஸ்திரேலியப் போர்க்கப்பல் வம்பயரும் மூழ்கியது. அந்தக் கடலிலேயே 'வீற்றா' என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கி எடுத்தது. ஆராதனையில் இரண்டு தொகையையும் சொல்லுங்கள். உங்கள் கேள்விக்கு வழிகாட்டுவது இரண்டாவதுதான்.

இப்படியான ஆராதனைகளில் யோவான் 15:13ஐ, சிநேகிதருக்காக ஜீவனைக் கொடுக்கிற அன்பைப் பற்றிய வசனத்தை, வாசிப்பார்கள். அதற்கு முந்தின 12ஆம் வசனத்தை விட்டுவிடுவார்கள். அது ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள் என்கிற கட்டளை, உயிரோடிருப்பவர்களுக்குச் சொன்னது. ரோமர் 12:1இல் பவுல் கேட்பதும் ஜீவபலி, அதாவது சாகாமல் உயிரோடு கொடுக்கிற பலி. ஆகவே என் யோசனை, இரத்தம் கொடுங்கள்.

ஆனால் நாற்பது பேரும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம். முகாம்களில் வழக்கமாக நடக்கிற பிழை இது. ஒருமுறை கொடுத்தவர் மறுபடி கொடுக்க நான்கு மாதம் செல்ல வேண்டும். சிவப்பணுக்களைக் குளிரூட்டியில் அதிகம் போனால் 42 நாள் வைக்கலாம், இரத்தம் உறைய உதவுகிற சிறுதட்டுகளை 5 நாள்தான். ஏப்ரலில் எல்லோரும் கொடுத்தால் ஜூனில் அதில் ஒரு சிவப்பணுப் பையும் மிஞ்சாது, ஜூலையில் கொடுக்க உங்களில் ஆளும் இராது. பத்துப் பத்துப் பேராக நான்கு குழு பிரித்து மாதம் ஒரு குழு போங்கள். ஐந்தாம் மாதம் முதல் குழுவின் முறை திரும்பவும் வரும். மார்கழி மழையோடு டெங்கு பெருகும்போதும் யாரோ பத்துப் பேர் தயாராக இருப்பீர்கள்.

விபத்து நடந்தபின் ஓடிப்போய்க் கொடுக்கிற இரத்தத்தை உடனே ஏற்ற முடியாது. எச்.ஐ.வி, ஈரல் அழற்சி, சிபிலிஸ், மலேரியா எல்லாம் பரிசோதித்து முடிய மணிக்கணக்காகும். அந்த வேளையில் உயிரைக் காப்பது, முன்பே யாரோ கொடுத்துக் குளிரூட்டியில் இருக்கிற பை. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பைக் கண்ட நம் மட்டக்களப்பு மாவட்டத்துக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

கொடுப்பவருக்கு வயது 18க்கும் 60க்கும் இடையில், நிறை 50 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5க்கு மேல் இருக்க வேண்டும். அடையாள அட்டை கட்டாயம். எடுப்பது 450 மில்லிலீற்றர் அளவு. ஏப்ரல் 9 பல வருடங்களில் லெந்து (தவக்கால) நாட்களுக்குள் விழும். உபவாசத்தோடு கொடுத்தால் பலி பெரிது என்று நினைத்து வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகள்தான் கட்டிலில் மயங்குகிறார்கள். அன்றைக்கு உபவாசம் வேண்டாம். சாப்பிட்டு, இரண்டு கோப்பை தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். பெண்பிள்ளைகள் பலரை ஹீமோகுளோபின் குறைவென்று திருப்பி அனுப்புவார்கள். சோறு தின்ற கையோடு பிளேன்ரீ குடிப்பது இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும், ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள். மீனும், தேசிக்காய்ப்புளி விட்ட முருங்கையிலைச் சுண்டலும் நல்லது.

கொடுத்தவர் பெயரை ஆலயத்தில் வாசிக்காதீர்கள். வாசித்தால், கொடுக்க முடியாதவன் வெட்கத்தில் தன் நோயை மறைத்துப் படிவம் நிரப்புவான். புதிதாகத் தொற்றிய கிருமி சில நாட்களுக்குப் பரிசோதனையிலும் அகப்படாது. அந்தப் பை பிரசவத்தில் இரத்தம் இழந்த காத்தான்குடித் தாய் ஒருத்திக்கு ஏறலாம். வலதுகை செய்வதை இடதுகை அறியவேண்டாம் என்று கர்த்தர் சொன்னது இந்த இடத்துக்கு அப்படியே பொருந்துகிறது. ஏற்கப்படாதவர்கள் பதிவையும் குளிர்பானத்தையும் பார்த்துக்கொள்ளட்டும். திகதி குறிக்குமுன் போதனா வைத்தியசாலை இரத்த வங்கியோடு பேசுங்கள்.

மலர்வளையமும் விடுங்கள். தென்னங்குருத்தில் கட்டுங்கள். கம்பி, ரெஜிபோம், பிளாஸ்ரிக் பூ ஒன்றும் கடலுக்குள் போகக்கூடாது. கப்பல் ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள், ஆகவே சுழியோடிப் பார்க்கிற ஆசை யாருக்கும் வேண்டாம். காற்று எழும்புமுன் விடியற்காலையில் போய்த் திரும்புங்கள், ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கியோடு. அன்றைக்கு இரத்தம் கொடுத்த எவரையும் வள்ளத்தில் ஏற்றாதீர்கள்.