கோயிலுக்குப் போகாத கிறித்தவமும் அகதிகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டோர்ட்முண்டில் வசிக்கிறேன். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் ஞாயிறு பூசைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் எழுபதைக் கடந்த ஜெர்மானியர்கள், மீதிப்பேர் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள். கோயில் வாசலையே மிதிக்காத சிலர்தான் ‘இது கிறித்தவ நாடு, அகதிகளை இனி விடக் கூடாது’ என்று அழுத்தமாகப் பேசுகிறார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் குறையக் குறைய இந்த வெறுப்பு கூடும் என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படியென்றால், அமெரிக்காவில் தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர்கள் ஏன் அகதிகளை அவ்வளவு எதிர்க்கிறார்கள்? எங்கள் பங்குப் பேரவையில் ஓர் அகதிக் குடும்பத்துக்குப் பொறுப்பேற்கலாமா என்ற பேச்சு எழுந்திருக்கிறது. எங்கே தொடங்குவது, எங்கே தவறும் என்பதையும் எழுதுங்கள்.

ஒரு வாசகர், ஜெர்மனி

அன்புள்ள நண்பருக்கு,

‘கிறித்தவர்’ என்று யாரை எண்ணுகிறோம் என்பதில் தெளிவில்லாமல் உங்கள் முதல் கேள்விக்குள் போக முடியாது. ஒவ்வொரு நாட்டிலும் அந்தச் சொல் ஒவ்வொன்றைக் குறிக்கிறது.

ஜெர்மனியில் அது பதிவேட்டில் உள்ள பெயர். பெயர் இருந்தால், வருமான வரியின்மேல் திருச்சபை வரி கட்ட வேண்டும்: பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9. விலக விரும்புகிறவர் பங்குத்தந்தையிடம் போவதில்லை. பெரும்பாலான மாநிலங்களில் நீதிமன்றத்திலோ பதிவு அலுவலகத்திலோ கையெழுத்திட்டுவிட்டு வருகிறார். கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து 2022இல் 5,22,821 பேர் இப்படி விலகினார்கள், 2023இல் 4,02,694 பேர். பதிவேட்டில் எஞ்சியிருக்கும் சுமார் இரண்டு கோடிக் கத்தோலிக்கரில் 2023இல் ஞாயிறு பூசைக்கு வந்தவர்கள் 6.2 சதவீதம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் ஒரு கட்டத்தில் குறியிட்டால் போதும், செலவு எதுவும் இல்லை. அப்படிக் குறியிட்டவர்கள் 2001இல் 71.7 சதவீதம், 2011இல் 59.3, 2021இல் 46.2. அமெரிக்காவில் பெரும்பாலும் கருத்துக்கணிப்புதான் அளவுகோல். அங்கே மக்கள் தாங்கள் உண்மையில் போவதைவிட அதிகமாகப் போவதாகச் சொல்வது வழக்கம். 1993இல் வெளிவந்த ஓர் ஆய்வு தேவாலயங்களில் தலைகளை எண்ணிப் பார்த்தது. வாரந்தோறும் போவதாக 40 சதவீதத்தினர் சொல்லிவந்த இடத்தில், உண்மை எண்ணிக்கை ஏறத்தாழ அதில் பாதிதான்.

ஆக, வரி கட்டும் கிறித்தவர், குறியிடும் கிறித்தவர், இருக்கையில் வந்து அமரும் கிறித்தவர் என்று மூவர் இருக்கிறார்கள். அகதிகள் பற்றி இம்மூவரும் ஒரே மாதிரி நினைக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனமான பியூ ஆய்வு மையம் 2017இல் மேற்கு ஐரோப்பாவின் 15 நாடுகளில் எடுத்த கணிப்பு இந்த இடத்தில் உதவும். மாதம் ஒருமுறையாவது கோயிலுக்குப் போகும் கிறித்தவர்கள், தம்மைக் கிறித்தவர் என்று சொல்லிக்கொண்டு ஆண்டுக்குச் சில முறைக்கு மேல் போகாதவர்கள், மதம் எதுவும் இல்லை என்பவர்கள் என்று அது மக்களைப் பிரித்தது. 15 நாடுகளின் நடுமதிப்பில் முதல் வகையினர் 18 சதவீதம், இரண்டாம் வகையினர் 46, மூன்றாம் வகையினர் 24. மேற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய ‘மதப் பிரிவு’ கோயிலுக்குப் போகாத கிறித்தவர்கள்தான். ‘கோயில் வாசலையே மிதிக்காதவர்கள்’ என்று நீங்கள் குறிப்பிடுவது அவர்களையே.

ஆனால் அந்தக் கணிப்பு உங்கள் ஊகத்துக்கு முழுதாகத் துணை நிற்கவில்லை. இஸ்லாம் தங்கள் நாட்டின் விழுமியங்களோடு அடிப்படையிலேயே பொருந்தாது என்று பிரிட்டனில் சொன்னவர்கள் கோயிலுக்குப் போகாத கிறித்தவரில் 47 சதவீதம், போகிறவரில் 45, மதம் இல்லை என்பவரில் 30. முதல் இரண்டுக்கும் இடையே வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம், மூன்றாவதுதான் தனித்து நிற்கிறது. மதம் இல்லை என்பவர்கள் பொதுவாக வயதில் இளையவர்கள், கூடுதலாகப் படித்தவர்கள் என்பது உண்மைதான். அவற்றைக் கழித்துப் பார்த்தபோதும் அந்தத் தொடர்பு மறையவில்லை. ‘கோயிலுக்குப் போனால் மனம் விரியும்’ என்று ஆறுதல் கொள்ள இந்த எண்களில் இடமில்லை. நம்பிக்கையாளர்கள் இதை நேராகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்க எண்கள் இன்னும் கடுமையானவை. அகதிகளை ஏற்கும் பொறுப்பு நாட்டுக்கு உண்டா என்று 2018இல் பியூ கேட்டபோது, உண்டு என்ற வெள்ளை இவாஞ்சலிக்கர்கள் (தனிமனித மனமாற்றத்தை வலியுறுத்தும் புராட்டஸ்டன்டினர்) 25 சதவீதம். மதம் சாராதவர்களில் 65. இதோடு நிறுத்தினால் ‘பக்திதான் காரணம்’ என்று முடித்துவிடலாம். ஆனால் அதே கணிப்பில் கறுப்பின புராட்டஸ்டன்டினர் 63 சதவீதம் பேர் உண்டு என்றார்கள். இரு சாராரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறவர்கள், கையில் இருப்பதும் ஒரே வேதாகமம். ஒரு சாராருக்குத் தங்கள் நாடு கைநழுவிப் போகிறது என்ற பயம். மற்றவருக்கு அந்த நாடு ஒருநாளும் முழுதாகத் தம்முடையதாக இருந்ததில்லை. இருக்கையில் எத்தனை முறை அமர்ந்தார்கள் என்பதைவிட, எந்தக் கவலையோடு அமர்ந்தார்கள் என்பதே அதிகம் தீர்மானிக்கிறது.

உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட்டும் மைக்கேல் ராஸும் 1967இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். மதத்தை வாழ்கிறவர்கள், மதத்தைப் பாதுகாப்புக்கும் அந்தஸ்துக்கும் பயன்படுத்துகிறவர்கள் என்று இரு வகையாகப் பிரித்தார்கள். முன்முடிவு அதிகம் தெரிந்தது இரண்டாம் வகையில். முதல் வகையினர் தம்மை நல்லவராகக் காட்டிக்கொள்ள விரும்பிப் பதில் சொல்லியிருக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் எதிர்வாதம் வைத்தார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்தப் பிரிவினை பயனுள்ளது, ஏனென்றால் கோயிலே இல்லாமலும் கிறித்தவத்தைப் பாதுகாப்புக்காகப் பயன்படுத்த முடியும். 2014 அக்டோபரில் டிரெஸ்டனில் ‘மேற்குலகின் இஸ்லாமியமயமாக்கலை’ எதிர்த்து பெகிடா ஊர்வலங்கள் தொடங்கின. டிரெஸ்டன் இருக்கும் சாக்சனியில் பெரும்பான்மையினர் எந்தத் திருச்சபையையும் சேராதவர்கள். 2015 ஜனவரி 5 அன்று கொலோன் நகரில் அதே போன்ற ஊர்வலம் நடந்தபோது, அங்குள்ள பேராலயம் தன் விளக்குகளை அணைத்து எதிர்ப்பைக் காட்டியது. 2018இல் பவேரிய அரசு தன் அலுவலக வாசல்களில் சிலுவை மாட்ட ஆணையிட்டது. சிலுவையைப் பண்பாட்டுச் சின்னமாகச் சுருக்குவதா என்று கண்டித்தவர் ம்யூனிக் கர்தினால் மார்க்ஸ். கோயிலை விட்டுத் தனியே எடுத்துச் செல்லப்படும் சிலுவைக்கு மிஞ்சும் வேலை, நாம் யார், யார் நம்மவர் அல்லர் என்று காட்டுவதுதான். வேலியில் நடும் கல்லாக அது மாறிவிடுகிறது.

இதையும் பொதுவிதியாக்கிவிடாதீர்கள். 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் அகதிகளைப் பகிர்ந்துகொள்ளத் தீர்மானித்தபோது, பக்தி மிகுந்த போலந்து ஒருவரைக்கூட ஏற்கவில்லை. மதநம்பிக்கை மிகக் குறைந்த செக் நாடு 12 பேரை ஏற்றது. 2022இல் உக்ரேனியர்கள் வந்தபோது அதே போலந்து பத்து லட்சக்கணக்கானவர்களுக்குக் கதவைத் திறந்தது, செக் நாடோ மக்கள்தொகை விகிதப்படி ஐரோப்பிய ஒன்றியத்திலேயே அதிகம் பேருக்கு இடம் தந்தது. ஏழு ஆண்டுகளில் இரு நாடுகளின் பக்தியும் தலைகீழாகிவிடவில்லை. வந்தவர்கள் யார், எந்த நாட்டிடமிருந்து தப்பி வந்தார்கள் என்பதுதான் மாறியிருந்தது.

கணிப்புகளை ஆண்டுவாரியாக ஒப்பிடும்போது ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. ஓரத்தில் நின்றவர்கள் விலகிப்போக, எஞ்சுகிறவர்களின் சராசரிக் கருத்து தானாகவே நகரும். யாருடைய மனமும் மாறியிருக்காது, கூட்டம்தான் சலித்து எடுக்கப்பட்டிருக்கும். உங்கள் பங்கில் பாதிப்பேர் குடியேறியவர்கள் என்கிறீர்கள். அந்தப் பங்கில் இன்று அகதிகளுக்கு ஆதரவான குரல் கூடியிருந்தால், முதியவர்கள் மனம் இளகியதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

கோயில் காலியாவதால் உறுதியாக நிகழ்வது ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். அகதிக்கு உதவும் கருவிகள் தேய்கின்றன: சமையலறையோடு கூடிய பங்கு மண்டபம், வாரநாளில் நேரம் உள்ள ஓய்வுபெற்றவர்கள், சாவி வைத்திருப்பவர், ஒரே அறிவிப்பில் நூறு பேரை எட்டும் வழி. கனடா 1979இல் தனியார் பொறுப்பேற்புத் திட்டத்தைத் தொடங்கியபோது முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது மென்னோனைட் என்ற புராட்டஸ்டன்ட் சபையின் உதவி அமைப்பு. இரண்டே ஆண்டுகளில் வந்த சுமார் 60,000 இந்தோசீன அகதிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களை இப்படிக் குழுக்களே ஏற்றன. இத்தாலியில் 2015 டிசம்பரில் ஒப்பந்தமான, அகதிகளை விசாவோடு பாதுகாப்பாக அழைத்துவரும் மனிதாபிமான வழித்தடத்தை நடத்தியவர்கள் சான்ட் எஜிடியோ கத்தோலிக்க இயக்கத்தாரும் சீர்திருத்த சபைகளும். அதற்கு இத்தாலியின் பழைய புராட்டஸ்டன்ட் சபையான வால்டென்சிய சபை தனக்கு வரும் வருமான வரிப் பங்கிலிருந்து பணம் தந்தது. ஹேக் நகரின் பெத்தேல் தேவாலயம், ஓர் ஆர்மீனியக் குடும்பத்தைக் காக்க 2018 அக்டோபர் 26 முதல் 96 நாட்கள் இரவும் பகலும் ஆராதனையை நிறுத்தாமல் நடத்தியது. வழிபாடு நடக்கையில் காவலர் உள்ளே நுழைய டச்சுச் சட்டம் இடம் தருவதில்லை. சிறிய சபை அது. பல நூறு போதகர்கள் முறைவைத்து வந்ததால்தான் முடிந்தது.

இனி உங்கள் பேரவை. முதலில், எந்த உதவி என்று பிரித்துக்கொள்ளுங்கள். ‘கோயில் தஞ்சம்’ வேறு, பொறுப்பேற்பு வேறு.

கோயில் தஞ்சம் பெரும்பாலும், முதலில் நுழைந்த ஐரோப்பிய நாடே தஞ்ச விண்ணப்பத்தை விசாரிக்க வேண்டும் என்ற டப்ளின் விதியில் சிக்கியவர்களுக்கானது. அந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்ப ஆறு மாதக் கெடு உண்டு. அது கடந்தால் ஜெர்மனியே விண்ணப்பத்தை விசாரிக்க வேண்டும். அந்த இடைவெளியில் அவரைப் பங்கு தன் கட்டடத்தில் தங்கவைத்துத் தாங்குகிறது. இது சட்ட உரிமை அன்று, அரசு கைவைக்காமல் விலகி நிற்பது மட்டுமே. வந்த அன்றே குடியேற்றத்துக்கும் அகதிகளுக்குமான கூட்டாட்சி அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், திருச்சபையின் தொடர்பாளர் வழியாக ஒரு மாதத்துக்குள் அந்த மனிதரின் தனிப்பட்ட நெருக்கடியை விளக்கும் கோப்பை அனுப்ப வேண்டும். தவறுவது பெரும்பாலும் இந்தக் கோப்பில். ‘அங்கே நிலைமை மோசம்’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை, மருத்துவச் சான்று, தேதி, நடந்தது என்ன என்று எழுத வேண்டும். அடுத்த சிக்கல் மருத்துவச் செலவு. பணம் வாங்காமல் பார்க்கும் மருத்துவர் ஒருவரை முன்கூட்டியே பேசிவையுங்கள். 2024இல் ஏற்கப்பட்ட புதிய ஐரோப்பிய விதிகள் 2026 ஜூன் முதல் பொருந்துபவை, அவற்றில் கெடுக்கணக்கு மாறுகிறது, ஆகவே வழக்கறிஞரைக் கேட்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பொறுப்பேற்புக்கு ஜெர்மனியில் 2019இல் நெஸ்ட் திட்டம் தொடங்கியது. ஐந்து பேர் கொண்ட குழு, இரண்டு ஆண்டு வாடகை என்று ஆரம்பித்துப் பிறகு நிபந்தனைகள் தளர்ந்தன. இப்போது புதிதாக ஏற்கிறார்களா என்பதை விண்ணப்பிக்கும் முன் கேளுங்கள். வாடகை என்பது வெப்பச் செலவு சேராத வாடகை. மாதம் 700 யூரோ என்று வைத்துக்கொண்டால் இரண்டு ஆண்டுக்கு 16,800 யூரோ. ஒரே செல்வந்தரை நம்பாதீர்கள். மாதம் 20 யூரோ வீதம் 35 பேர் வங்கி வழியாகத் தானாகச் செலுத்தும்படி ஏற்பாடு செய்து, மூன்று மாத வாடகையைத் தனியே எடுத்து வையுங்கள்.

குழு உடைவது பணத்தால் அல்ல. எல்லா வேலையையும் ஒருவர் தலையில் ஏற்றுவதால்தான். முகவரிப் பதிவு, மருத்துவக் காப்பீடு, வேலைவாய்ப்பு அலுவலகம், பள்ளி, 600 மணிநேர மொழி வகுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வேண்டும், அவருக்கு ஒரு மாற்றாள் வேண்டும். குழந்தைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் நோயையும் தந்தையின் கடனையும் பத்து வயதுப் பிள்ளை வாயால் சொல்லவைப்பது கொடுமை. அவர்களுடைய ஆவணங்களும் வங்கி அட்டையும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வேலையை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டு விலகுங்கள்.

பூசைக்கு வருவார்களா என்று எதிர்பார்க்கக் கூடாது. அழைக்கவும் அவசரப்பட வேண்டாம். வீடும் வாடகையும் உங்கள் கையில் இருக்கும்போது உங்கள் அழைப்பை அவர்கள் கட்டளையாகத்தான் கேட்பார்கள். தஞ்ச வழக்கு நடப்பவர் திருமுழுக்குக் கேட்டால் உதவிக் குழுவிலிருந்து அதை முற்றிலும் பிரித்து, பங்குத்தந்தையிடம் வழக்கமான ஆயத்தக் காலம் முழுவதையும் கடக்கச் செய்யுங்கள். அவசரமாகக் கொடுத்த திருமுழுக்கு விசாரணை அதிகாரியின் முன் அவருக்கே எதிராகத் திரும்பும்.

கடைசியாக, குழுவில் யார் என்பது. 1980களின் நடுவில் கிழக்கு பெர்லின் விமான நிலையம் வழியாக மேற்கு ஜெர்மனிக்குள் வந்த ஈழத்தமிழர்கள் உங்கள் மாநிலத்தில் ஏராளம். வெளிநாட்டவர் அலுவலகக் கடிதத்தை எப்படிப் படிப்பது, எந்தத் தேதிக்கு முன் பதில் போட வேண்டும், எந்தக் கேள்விக்குப் பயப்பட வேண்டாம் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவர்கள் பூசையில் பின்வரிசையில் அமர்ந்திருப்பார்கள், பேரவைக்கு அவர்களைக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பொறுப்பாளர் பட்டியலை எழுதும்போது முதல் இரண்டு பெயர்களை அங்கிருந்து எடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்