அது பழுப்பு மை அல்ல

அன்புள்ள ஐயா,

டச்சு ஓவியர் வான்கோ மையில் வரைந்த ‘தலை வெட்டிய பிர்ச் மரங்கள்’ படத்தை இணையத்தில் பார்த்தேன். பழைய புகைப்படம் போன்ற அந்தப் பழுப்பு நிறம் மனதை என்னவோ செய்கிறது. அந்த நிறத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்? மரங்கள் ஏன் இப்படி ஊனப்பட்டு நிற்கின்றன? பின்னால் வண்ணம் தீட்டுவதற்காகப் போட்ட முன்வரைவா இது?

செ.

அன்புள்ள செ.,

அந்தப் பழுப்பு அவர் தேர்ந்தெடுத்தது அல்ல. 1884 மார்ச்சில், நெதர்லாந்தின் நியூனன் கிராமத்தில் அவர் இதை வரைந்தபோது கோடுகள் கறுப்பாக இருந்தன. அன்றைய ஐரோப்பாவில் பரவலாகப் புழங்கியது இரும்பு மை. நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் கேட்டால் கொடுப்பார்களே, சிறு குளவி முட்டையிட்டதால் ஓக் மரக் கிளையில் திரளும் முண்டு, அதன் துவர்ப்புச் சாற்றில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கலந்தால் கறுத்துவிடும். கொஞ்சம் பிசின் சேர்த்தால் மை. காலம் போகப்போக இது பழுப்பேறும், அமிலம் மிஞ்சினால் தாளையே அரித்துவிடும். தாளும் மையும் வெளிச்சம் தாங்காதவை என்பதால்தான் ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகம் இத்தகைய படங்களை அபூர்வமாகவே வெளியே எடுத்து, மங்கலான ஒளியில் வைக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். மனதுக்குள் அதைக் கறுப்பாக்கிப் பாருங்கள். அந்த இதமான ஏக்கம் போய்விடும். குளிர்காலம் முடிந்தும் இலை விடாத, சில்லிட்ட ஒரு வயல்வெளி வரும். அவர் பார்த்தது அதைத்தான்.

மரங்களுக்கு ஊனம் ஒன்றும் இல்லை. விறகுக்கும் கம்புக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடிமரத்தை விட்டுவிட்டுத் தலையை வெட்டுவார்கள். வெட்டிய இடம் தடித்து முண்டாகும், அதிலிருந்து புது வளார்கள் கிளம்பும். அதாவது இவை ஊருக்கு உழைக்கும் மரங்கள். இடப்பக்கம் சருகு வாரும் வாரியைத் தோளில் சாய்த்து ஒரு பெண் போகிறாள், வலப்பக்கம் ஆட்டு மந்தையோடு இடையன். இருவரும் மிகச் சிறியவர்கள். படத்தின் மனிதர்கள் மரங்கள்தான் என்று எனக்குத் தோன்றும். 1882 கடைசியில் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், தலை வெட்டிய வில்லோ மர வரிசை முதியோர் விடுதிக்காரர்களின் ஊர்வலம்போல் இருப்பதாகச் சொன்னவர் அவர்.

பேனா வேலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். முண்டுகளில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி இறுகிக் கிடக்கின்றன. வளார்களில் பேனா தயங்கவே இல்லை, கீழிருந்து மேலாக ஒரே வீச்சு. புல்லுக்குக் குட்டைக் கீறல்கள். முதலில் பென்சிலில் அமைத்துக்கொண்டு பிறகுதான் மைக்கு வந்திருக்கிறார். அவசரம் என்று எதுவும் இல்லை.

அதனால் இதை முன்வரைவு என்று சொல்ல மனம் வரவில்லை. அந்த மாதம் இதேபோல் பெரிய மைச் சித்திரங்களை ஒரு வரிசையாகவே வரைந்தார், எல்லாம் முடிந்த படங்கள். தியோ மாதாமாதம் அனுப்பும் பணத்தைத் தன் படங்களுக்கான விலையாக வைத்துக்கொள்ளலாம் என்று அவர் தம்பியிடம் பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை. தானமாக வாங்க அவருக்கு மனமில்லை.

அப்புறம், 1888இல் பிரான்சின் ஆர்ல் நகரில் நாணல் பேனாவால் வரைந்தவற்றையும் தேடிப் பாருங்கள். அங்கே கோடுகள் தடித்து, புள்ளிகள் நிறைந்து, கை வேறாகியிருக்கும். அவற்றிலும் பல பழுப்பாகிவிட்டன.